பக்கிக்கு எந்த பிரஷ்லெஸ் மோட்டார்? அறிகுறியை வைத்துக் குறையைப் பிடிக்கும் வழி

பக்கி என்பது ரேடியோ ரிமோட்டில் ஓடும் சிறிய கார்; பிரஷ்லெஸ் என்றால் கார்பன் பிரஷ் இல்லாத மின்மோட்டார். "என் பக்கிக்கு எந்த மோட்டார் போடலாம்?" என்ற கேள்வியைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் பின்னால் ஒரு குறை ஒளிந்திருக்கும். மோட்டார் சுடுகிறது, கிளம்பும்போது திக்குகிறது, புல்லில் இழுக்கவில்லை, பேட்டரி சீக்கிரம் தீர்கிறது, இப்படி ஏதோ ஒன்று. குறை எங்கே என்று தெரியாமல் மோட்டாரை மாற்றினால் பழி ஓரிடம், பாவம் ஓரிடம் ஆகிவிடும். மோட்டார் அளவு தப்பாக இருப்பதும் உண்டுதான். ஆனால் கியர் தப்பாக இருப்பது அதைவிட அதிகம். அதனால் அறிகுறியிலிருந்து தொடங்குவோம். மோட்டார்தான் குற்றவாளி என்று முடிவானால், அளவு தேர்ந்தெடுக்கும் கணக்கு கடைசியில் இருக்கிறது.

மோட்டார் மேல் உள்ள எண்கள்

3650 என்று போட்டிருந்தால் வெளி விட்டம் 36 மி.மீ., நீளம் ஏறக்குறைய 50 மி.மீ. பழைய பிரஷ் மோட்டார்களில் 540 என்று சொல்வார்களே, அதே உடல்வாகு. 4074 என்றால் விட்டம் 40, நீளம் 74. இந்த வெளி உருளையைத்தான் கேன் என்கிறோம். மோட்டாரின் 'அளவு' என்பது இதுதான்.

கேவி என்பது அளவு அல்ல. சுமை எதுவும் இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதுதான் கேவி. 2000 கேவி மோட்டாருக்கு 14.8 வோல்ட் கொடுத்தால் 29,600 சுற்று. அவ்வளவுதான் அது சொல்லும் சேதி. வண்டியை இழுக்கும் பலம் அதில் இல்லை.

"கேவி குறைந்தால் முறுக்குவிசை அதிகம்" என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. 2000 கேவி மோட்டார் ஒரு ஆம்பியருக்கு சுமார் 0.0048 நியூட்டன் மீட்டர் தரும். 4000 கேவி அதில் பாதி, 0.0024. ஆனால் கேன் ஒன்றாகவே இருந்தால், 4000 கேவி மோட்டாரின் உள்ளே சுருளின் கம்பிச் சுற்று பாதி, கம்பியின் குறுக்குப்பரப்பு இருமடங்கு, மின்தடை கால்வாசி. அதே விசைக்கு இருமடங்கு ஆம்பியர் இழுத்தாலும் உள்ளே உண்டாகும் சூடு ஒன்றேதான். ஆக, ஒரு மோட்டார் சுடாமல் எவ்வளவு நேரம் எவ்வளவு விசை தரும் என்பதைக் கேனின் அளவு தீர்மானிக்கிறது. அந்த விசையை எத்தனை வோல்ட்டில், எத்தனை ஆம்பியரில் தரும் என்பதைத்தான் கேவி தீர்மானிக்கிறது. இந்த ஒன்று மனதில் பதிந்தால் கீழே உள்ளவற்றில் பாதியை நீங்களே ஊகித்துவிடலாம்.

மோட்டாரைச் சந்தேகிக்கும் முன்

பினியனை (மோட்டார் ஷாஃப்ட்டில் உள்ள சிறிய பல்சக்கரம்) ஸ்பர் கியரிலிருந்து (அது சுழற்றும் பெரிய பல்சக்கரம்) விலக்கி வையுங்கள். வண்டியை மேசை மேல் வைத்து ஒரு விரலால் தள்ளுங்கள். தளர்வாக உருண்டு போக வேண்டும். எங்காவது பிடித்தால் பேரிங், வளைந்த டிரைவ் ஷாஃப்ட், பேடு உரசும் டிஸ்க் பிரேக், அச்சில் சுற்றிய முடி, புல் என்று தேடுங்கள். ஒரே ஒரு பேரிங் துருப்பிடித்து இறுகியதற்காக மோட்டார் மாற்றியவர்கள் உண்டு.

அடுத்து கியர் இடைவெளி. ஒரு சாதாரணத் தாள் துண்டைப் பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவே கொடுத்து அழுத்தி மோட்டாரை இறுக்கிவிட்டு, தாளை உருட்டி வெளியே எடுங்கள். தாளில் மடிப்பு விழுந்திருக்க வேண்டும்; கிழிந்திருக்கக் கூடாது. பிறகு ஸ்பரை ஒரு முழுச் சுற்று சுற்றி எல்லா இடத்திலும் ஆட்டம் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் இறுகினால் ஸ்பர் நெளிந்திருக்கிறது.

சூட்டை அளக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வேண்டும். பளபளப்பான அலுமினியக் கேனின் மேல் நேராக அடித்தால் அது குறைவாகவே காட்டும். ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டி, அதன் மேல் அடியுங்கள். வண்டியை நிறுத்தியதும் ஒரு முறை, இரண்டு நிமிடம் கழித்து மறுபடி ஒரு முறை அளக்க வேண்டும். காற்றோட்டம் நின்றதும் உள்ளே இருக்கும் சூடு வெளியே வரும். இரண்டாவது எண்தான் அதிகமாக இருக்கும், அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

அறிகுறி: ஐந்து நிமிடத்தில் மோட்டார் தொட முடியாத சூடு

வெளியில் 70 டிகிரி செல்சியஸ் வரை கவலை இல்லை. 80 என்றால் எச்சரிக்கை. 90 தாண்டினால் அன்றைய ஓட்டத்தை நிறுத்திவிடுவதே நல்லது, ஏனென்றால் சுருள் உள்ளே வெளிக் கேனைவிடச் சூடாக இருக்கும். சாதாரண ரக நியோடிமியம் காந்தம் 80 டிகிரியிலேயே பலம் இழக்கத் தொடங்கும். மோட்டாரில் பொதுவாக அதைவிட உயர்ந்த ரகம்தான் போடுவார்கள். ஆனாலும் உங்கள் மோட்டாரில் இருப்பது எந்த ரகம் என்று பெட்டியில் எழுதியிருப்பது அரிது.

முதல் சந்தேகம் பினியன்மேல். 14 பல்லிலிருந்து 16 பல்லுக்குப் போனால் வேகம் 14 சதவீதம் கூடும், "இரண்டு பல்தானே" என்று தோன்றும். ஆனால் அதே முடுக்கத்துக்கு மோட்டார் தர வேண்டிய விசையும் 14 சதவீதம் கூடுகிறது, ஆம்பியரும் அதே அளவு கூடுகிறது. சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும். அதனால் சுருளில் உண்டாகும் சூடு சுமார் 30 சதவீதம் அதிகம். அந்த இரண்டு பல்லின் விலை அது.

டயர் மாற்றினீர்களா? இதை யாரும் கியர் மாற்றமாக நினைப்பதே இல்லை. 112 மி.மீ. டயரைக் கழற்றி 140 மி.மீ. டயர் போட்டால் விகிதம் 25 சதவீதம் மாறுகிறது. 14 பல் பினியனை எடுத்துவிட்டு 17 பல்லுக்கும் மேலே ஒன்றைப் போட்டதற்குச் சமம். பெரிய டயர் போட்டால் பினியனைக் குறைத்தே ஆக வேண்டும்.

பேட்டரியில் செல் கூட்டினீர்களா? 4 செல்லிலிருந்து 6 செல்லுக்குப் போனால் வோல்ட் ஒன்றரை மடங்கு. கேவியும் கியரும் அப்படியே இருந்தால் வண்டி ஒன்றரை மடங்கு வேகத்துக்கு முட்டிப் பார்க்கும், மோட்டார் வேகும். பினியனை மூன்றில் இரண்டு பங்காக்குங்கள், அல்லது 2200 கேவி இருந்த இடத்தில் 1500 பக்கம் உள்ளதைப் போடுங்கள்.

இஎஸ்சியிலோ (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) மோட்டாரின் பின்மூடியிலோ டைமிங் (சுருளுக்கு மின்சாரம் மாறும் நேரத்தை முன்தள்ளும் அமைப்பு) கூட்டி வைத்திருந்தால் அதையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். டைமிங் கூடினால் சுற்று கூடும், கூடவே சூடும்.

சரி, இது எதுவுமே இல்லை. பினியனை மூன்று பல் இறக்கியாயிற்று, வண்டி தளர்வாக உருள்கிறது, டைமிங் சுழியில் இருக்கிறது, அப்படியும் 90 டிகிரி என்றால், இப்போதுதான் கேன் சிறியது என்று சொல்லலாம். 3650 மோட்டாரை இரண்டரைக் கிலோ வண்டியில் போட்டால் இதுதான் நடக்கும். இங்கே அதே 3650-இல் குறைந்த கேவி வாங்குவது நிறையப் பேர் செய்யும் காரியம். அதனால் வேகம் குறையும், வேகம் குறைவதால் சூடும் குறையும். ஆனால் அதைப் பினியனை மாற்றியே மலிவாகச் செய்திருக்கலாம். நீளத்தைக் கூட்டுவதுதான் உண்மையான மாற்றம். 3650-க்கும் 3660-க்கும் வித்தியாசம் வெறும் 10 மி.மீ. போலத் தோன்றும். ஆனால் கேனின் இரு முனை மூடிகளும் பேரிங்கும் பிடிக்கும் இடம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. கூடுதல் 10 மி.மீ. பெரும்பாலும் காந்தத்துக்கும் சுருளுக்குமே போகிறது. அதனால் பலம் நீள விகிதத்தைவிட அதிகமாகவே கூடும்.

விசிறியும் ஹீட்சிங்க்கும் போடுங்கள், தப்பில்லை. ஆனால் விசிறி இருப்பதால் 75 காட்டுகிறது, இல்லாவிட்டால் 95 என்றால், குறை அப்படியேதான் இருக்கிறது.

அறிகுறி: மோட்டார் சாதாரணமாக இருக்கிறது, இஎஸ்சி சுடுகிறது

மேலே சொன்ன கணக்கின் மறுபக்கம் இது. இருமடங்கு கேவி மோட்டார் அதே விசைக்கு இருமடங்கு ஆம்பியர் இழுக்கும். மோட்டாருக்குள் தடை கால்வாசி என்பதால் அதற்கு வலிக்காது. ஆனால் இஎஸ்சி, வயர், கனெக்டர், பேட்டரி ஆகியவற்றின் தடை மாறவில்லையே! அங்கே சூடு நான்கு மடங்கு. கேவி கூடுதல், செல் குறைவு என்ற சேர்க்கையில் இஎஸ்சி முதலில் சாகும்.

இதற்கு மருந்து பெரிய கேன் அல்ல. செல்லைக் கூட்டிக் கேவியைக் குறைக்க வேண்டும். 2 செல்லில் 4000 கேவி தரும் அதே வேகத்தை 3 செல்லில் 2700 கேவி குறைந்த ஆம்பியரில் தரும். உங்கள் இஎஸ்சி எத்தனை செல் தாங்கும் என்று அதன் மேல் எழுதியிருக்கும். அதை மீறினால் அடுத்த நொடி புகைதான்.

இன்னொன்று: நீண்ட நேரம் பாதி த்ராட்டிலில் ஓட்டுவது இஎஸ்சிக்கு எளிதான வேலை என்று நினைக்க வேண்டாம். முழு த்ராட்டிலைவிட நடுத்தர த்ராட்டிலில் அது விடாமல் ஆன், ஆஃப் செய்துகொண்டே இருக்கும். எப்போதும் பாதி த்ராட்டிலில்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் அந்த வண்டிக்கு அவ்வளவு கேவி தேவையே இல்லை.

அறிகுறி: கிளம்பும்போது திக்குகிறது, உதறுகிறது

சக்கரங்கள் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி வைத்து, த்ராட்டிலை மெல்லக் கொடுங்கள்.

தூக்கி வைத்தபோதும் உதறினால் மின் இணைப்பில் குறை. மூன்று வயர்களில் ஒன்று விட்டுப்போனால் மோட்டார் சுற்றாது, நின்ற இடத்தில் நடுங்கும். ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, மூன்று புல்லட் கனெக்டர்களையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பாருங்கள். இரண்டு இளஞ்சூடு, ஒன்று மட்டும் சுள்ளென்றால் அந்த ஒன்றில்தான் சோல்டர் சரியில்லை. சுருக்கு உறையை வெட்டிப் பார்த்தால் ஈயம் மங்கலாக, மணல் மணலாக இருக்கும். சோல்டரிங் அயர்னை நன்றாகச் சூடேற்றி மறுபடி ஊற்றுங்கள்.

மோட்டாரே பழுதா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். மூன்று வயர்களையும் இஎஸ்சியிலிருந்து கழற்றி, ஒன்றையொன்று தொடாதபடி விலக்கி வையுங்கள். பினியனைக் கையால் சுற்றினால் காந்தத்தின் தட்டுத் தட்டான பிடிப்பு மட்டும் தெரியும். இப்போது இரண்டு வயர் முனைகளைச் சேர்த்துப் பிடித்துச் சுற்றுங்கள். தேனில் சுற்றுவது போல் இறுகும். மூன்று ஜோடியிலும் அந்த இறுக்கம் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு ஜோடியில் இறுக்கமே இல்லை என்றால் சுருள் அறுந்திருக்கிறது. வயர் எதுவும் தொடாதபோதே இறுகினால் சுருள் உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது; மூக்கை வைத்துப் பார்த்தால் கருகிய எனாமல் வாசனையும் வரும். இரண்டுக்கும் மாற்று மோட்டார்தான்.

சென்சார் மோட்டார் (காந்தம் நிற்கும் கோணத்தை இஎஸ்சிக்குச் சொல்லும் சென்சார் உள்ளது) என்றால் அந்த மெல்லிய 6 பின் வயரையும் பாருங்கள். பினியன் பக்கம் உரசி நைந்திருக்கும், அல்லது சாக்கெட்டில் பாதி மட்டும் உட்கார்ந்திருக்கும். சென்சார் மோட்டாரில் மூன்று தடித்த வயர்களும் அதனதன் எழுத்துக்கு நேராகவே சேர வேண்டும். சென்சார் இல்லாத மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் ஏதேனும் இரண்டு வயர்களை மாற்றிப் போட்டால் போதும். அந்தப் பழக்கத்தில் சென்சார் மோட்டாரிலும் மாற்றிப் போட்டால் உதறும், சுடும், இஎஸ்சியும் போகலாம்.

தூக்கி வைத்தால் வெண்ணெயாகச் சுற்றுகிறது, தரையில் வைத்தால்தான் திக்குகிறது என்றால் கதை வேறு. சென்சார் இல்லாத மோட்டாரில் காந்தம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது இஎஸ்சிக்குத் தெரியாது. சுற்றத் தொடங்கிய பிறகு, அப்போது மின்சாரம் பாயாத சுருளில் எழும் வோல்ட்டை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். வண்டி நின்ற நிலையில் ஊகித்துத் தள்ளும். சுமை அதிகமானால் ஊகம் தப்பும். பினியனைச் சிறிதாக்கினால் மோட்டார் சீக்கிரம் சுற்று எடுக்கும், திக்கல் குறையும். பேட்டரி பலவீனமாக இருந்து கிளம்பும் நொடியில் வோல்ட் சரிந்தாலும் இதே திக்கல் வரும், அதனால் நல்ல பேட்டரி ஒன்றைக் கடன் வாங்கியாவது போட்டுப் பாருங்கள். இரண்டும் செய்து தீரவில்லை என்றால், நீங்கள் பாறை ஏறவோ மெதுவாக ஓட்டவோ விரும்புகிறவர் என்றால், சென்சார் மோட்டாரும் அதை ஏற்கும் இஎஸ்சியும்தான் வழி. வேகமாக அடித்து ஓட்டுகிறவருக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் எண்ணம். கிளம்பிய பிறகு வித்தியாசமே தெரியாது.

அறிகுறி: வேகமே இல்லை, மோட்டார் குளிர்ச்சியாக இருக்கிறது

இது நல்ல குறை. கையில் இடம் இருக்கிறது என்று பொருள். முதலில் த்ராட்டில் எல்லையை இஎஸ்சிக்கு மறுபடி கற்றுக்கொடுங்கள். ரேடியோவை மாற்றியபின் இதைச் செய்யாமல் விட்டால் முழு த்ராட்டிலை அது முக்கால் என்றே எண்ணிக்கொண்டிருக்கும். ரேடியோவில் பயிற்சி முறை, 50 அல்லது 75 சதவீதம் என்று பொத்தான் இருந்தால் அதையும் பாருங்கள். பிறகு பினியனை ஒவ்வொரு பல்லாகக் கூட்டுங்கள். பினியனைக் கூட்ட இடமில்லாமல் போகும்வரை மோட்டார் 60 டிகிரியைத் தாண்டவில்லை என்றால் மட்டும் அதே கேனில் கூடுதல் கேவி வாங்கலாம்.

அறிகுறி: சமதளத்தில் பறக்கிறது, புல்லிலும் மணலிலும் மூச்சு வாங்குகிறது

கேவி கூடுதல், கேன் சிறியது என்பதற்கான நேரடி அடையாளம் இது. சமதளத்தில் வேகம் எடுத்த பிறகு மோட்டாருக்கு வேலை குறைவு. புல்லில் விடாமல் விசை கொடுக்க வேண்டும், சுற்று எண்ணிக்கை ஏறவே ஏறாது, உள்ளே போகும் மின்சாரத்தில் பெரும்பங்கு சூடாகிவிடும். இரண்டு பல் இறக்கிப் பாருங்கள். ஆறினால் நல்லது. இறக்கியதால் சமதள வேகம் உங்களுக்குப் போதவில்லை என்றால் நீளமான கேன் வேண்டும். ஒரே கியரில் புல்லையும் தார்ச்சாலையையும் சமாளிக்க ஆசைப்படுகிறவர்கள் தேவைக்கு ஒரு அளவு மேலேயே வாங்கிவிடுவது கடைசியில் மலிவு.

நான்கு துருவ மோட்டாரும் (உள்ளே சுழலும் காந்தத்தில் நான்கு துருவம் உள்ளது) இங்கே உதவும். அதே அளவு கேனில் இரண்டு துருவத்தைவிடக் கூடுதல் இழுவை கிடைக்கும்.

அறிகுறி: முன்பக்கம் தூக்குகிறது, பின்பக்கம் சுழல்கிறது, பிடியில் நிற்கவில்லை

மோட்டார் அதிகம்தான், ஆனால் திருப்பிக் கொடுக்க வேண்டாம். இஎஸ்சியில் பஞ்ச் அமைப்பை (கிளம்பும்போது விசை எவ்வளவு வேகமாகப் பாய வேண்டும் என்பது) குறையுங்கள். ஸ்லிப்பர் கிளட்ச் (விசை அதிகமானால் வழுக்கிக் கொடுக்கும் கிளட்ச்) இருந்தால் அதன் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். நான்கு சக்கர இழுவை வண்டியில் முன்சக்கரங்கள் மட்டும் காற்றில் வீணாகச் சுற்றினால் நடு டிஃபரன்ஷியலில் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் கியர் பெட்டி) கெட்டியான சிலிகான் எண்ணெய் ஊற்றலாம். எதிர்மாறாக, எப்போதும் பின்னால் குட்டிக்கரணம் போட்டால் நீர்த்த எண்ணெய். பெரிய மோட்டாரை அடக்கி ஓட்டலாம். சின்ன மோட்டாரைத் தூண்டி ஓட்ட முடியாது.

ஆனால் எடை ஒரு விஷயம். 3650 மோட்டார் ஏறக்குறைய 200 கிராம். 4074 அதைப் போல் இருமடங்கு. ஒன்றரைக் கிலோ பக்கியில் ஒரு பக்கமாக அவ்வளவு எடை ஏறினால் எந்த அமைப்பாலும் அதைச் சரிக்கட்ட முடியாது, குதித்து இறங்கும்போதெல்லாம் ஒரு பக்கமே சாயும்.

அறிகுறி: ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென நின்றுவிடுகிறது

எப்படித் திரும்ப வருகிறது என்பதைக் கவனியுங்கள். சில நிமிடம் ஆறவிட்ட பிறகே வந்தால், சூட்டினால் இஎஸ்சி தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது. உடனே வருகிறது, மெதுவாக ஓடுகிறது, த்ராட்டில் கொடுத்தால் மறுபடி வெட்டுகிறது என்றால் குறைந்த வோல்ட் எல்லை. செல் ஒன்றுக்கு 3.2 முதல் 3.4 வோல்ட்டில் இது நடக்கும். பேட்டரி நிரம்பியிருக்கும்போதே இப்படி வெட்டினால், மோட்டார் கேட்கும் ஆம்பியரைப் பேட்டரியால் தர முடியவில்லை.

மூன்றாவது வகை: முழு த்ராட்டில் கொடுத்த நொடியில் ஸ்டியரிங் சர்வோவும் துடிக்கிறது, ரிசீவர் விளக்கு அணைந்து எரிகிறது. ரிசீவருக்குப் போகும் 6 வோல்ட் சரிந்துவிட்டது. ரிசீவரின் காலி இடத்தில் ஒரு கெப்பாசிட்டர் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மோட்டாருக்கும் இதற்கும் சம்பந்தம் மறைமுகமானதே.

அறிகுறி: பேட்டரி உப்புகிறது, சீக்கிரம் தீர்கிறது

5000 மில்லி ஆம்பியர் ஹவர், 50 சி (கொள்ளளவைப் போல் 50 மடங்கு ஆம்பியர்) என்று எழுதியிருந்தால் 250 ஆம்பியர் தர முடியும் என்று சொல்கிறார்கள். அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். நம்பத்தகுந்த கணக்கு ஒன்று உங்கள் சார்ஜரிலேயே இருக்கிறது. 8 நிமிடம் ஓட்டிய பிறகு சார்ஜர் 4000 திரும்ப ஏற்றினால், சராசரி 30 ஆம்பியர்: 4 பெருக்கல் 60, வகுத்தல் 8. பினியன் மாற்றும் முன் ஒரு முறை, மாற்றிய பின் ஒரு முறை இதைக் குறித்து வையுங்கள். ஒரு பல் கூட்டியதற்கு ஆம்பியர் எவ்வளவு ஏறியது என்பது கையில் வந்துவிடும். ஓட்டி முடித்ததும் பேட்டரி 60 டிகிரிக்கு மேல் இருந்தால் அது தன் சக்திக்கு மீறி உழைக்கிறது. உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது.

அறிகுறி: மோட்டார் கத்துகிறது, வண்டி நகரவில்லை

பினியன் ஷாஃப்ட்டில் வழுக்குகிறது. கிரப் ஸ்குரு ஷாஃப்ட்டின் தட்டையான பகுதியில் நேராக உட்கார வேண்டும். எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட்டு, நீல நிறத் திருகுப் பசை ஒரு துளி இட்டு இறுக்குங்கள். பினியன் சரியாக இருந்தால் ஸ்லிப்பர், அல்லது பல் தேய்ந்த ஸ்பர்.

அறிகுறி: போன மாதம் வரை நன்றாக இருந்தது, எதுவும் மாற்றவில்லை, இப்போது சுடுகிறது

பேரிங்கைப் பார்த்தாயிற்று, வண்டி தளர்வாக உருள்கிறது என்றால், ஒருமுறை அளவுக்கு மீறிச் சுட்டதில் காந்தம் பலம் இழந்திருக்கலாம். இது ஏமாற்றும் குறை, ஏனென்றால் காந்தம் பலம் இழந்தால் கேவி கூடும். சக்கரத்தைத் தூக்கி வைத்தால் முன்பைவிட வேகமாகச் சுற்றும், "மோட்டார் நன்றாகத்தானே இருக்கிறது" என்று தோன்றும். தரையில் வைத்தால் அதே விசைக்குக் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், கூடுதலாகச் சுடும், இன்னும் பலம் இழக்கும். அதே ரகப் புது மோட்டார் பக்கத்தில் இருந்தால் இரண்டின் ஷாஃப்ட்டையும் விரலால் சுற்றிப் பாருங்கள். பழையதில் அந்தத் தட்டுத் தட்டான பிடிப்பு மெலிந்திருக்கும். சில மோட்டார்களுக்கு ரோட்டர் (காந்தம் உள்ள சுழலும் பகுதி) மட்டும் தனியே கிடைக்கும். கிடைக்காவிட்டால் புதியதுதான்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால்

வரிசை இதுதான்: எடையைப் பார்த்துக் கேன், பேட்டரியைப் பார்த்துக் கேவி, கடைசியில் கியர். எல்லோரும் கேவியிலிருந்து தொடங்குகிறார்கள்.

எடையைப் பேட்டரியோடு சேர்த்துத் தராசில் வைத்துப் பாருங்கள். ஒன்றரைக் கிலோ அளவுள்ள 1/10 (நிஜ வண்டியின் பத்தில் ஒரு பங்கு அளவு) இரண்டு சக்கர இழுவை பக்கிக்கு 3650 தாராளம். இரண்டு முதல் இரண்டரைக் கிலோ வரும் 1/10 நான்கு சக்கர வண்டிக்கு 3660 முதல் 3674 வரை. மூன்று முதல் மூன்றரைக் கிலோ வரும் 1/8 பக்கிக்கு 4068 அல்லது 4074. நான்கு கிலோ தாண்டிய 1/8 ட்ரகிக்கு (பெரிய டயர் போட்ட பக்கி வகை) 4074-க்குக் கீழே இறங்க வேண்டாம், 42 மி.மீ. விட்டம் இன்னும் நல்லது. 1/5 வண்டிகள் தனி உலகம். அங்கே 56 மி.மீ. விட்டத்திலிருந்து தொடங்கும்.

கேவிக்கு நான் பார்க்கும் கணக்கு: முழுதாகச் சார்ஜ் ஏறிய வோல்ட்டைக் கேவியால் பெருக்கினால் 30,000-க்கும் 40,000-க்கும் நடுவில் வர வேண்டும். ஒரு செல் நிரம்பினால் 4.2 வோல்ட். 2 செல்லுக்கு 4000 கேவி என்றால் 33,600. 3 செல்லுக்கு 2700 என்றால் 34,020. 4 செல்லுக்கு 2000 என்றால் 33,600. 6 செல்லுக்கு 1400 என்றால் 35,280. 2200 கேவி மோட்டாரை 6 செல்லில் போட்டால் 55,440 வரும். நிறைய மோட்டார்களின் எல்லை 50,000 பக்கம்தான். எல்லை மீறினால் ரோட்டரில் காந்தத்தைச் சுற்றிய நார் உரிந்து, காந்தம் துண்டாகி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பந்தய வண்டிகளில் இந்த வரம்புக்கு வெளியே உள்ளவையும் உண்டு, அங்கே மோட்டாரை டர்ன் (சுருளின் கம்பிச் சுற்று) கணக்கில் சொல்வார்கள்: டர்ன் குறையக் குறையக் கேவி கூடும். 540 அளவில் 17.5 டர்ன் சுமார் 2200 முதல் 2400 கேவி, 13.5 டர்ன் 3000-ஐ ஒட்டி. பந்தயப் பிரிவுக்கு என்ன டர்ன் என்பதை விதி சொல்லிவிடும், தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை.

கியர் கணக்குக்கு 1/8 பக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்பர் 46, பினியன் 14, டிஃபரன்ஷியல் விகிதம் 4.3. 46-ஐ 14-ஆல் வகுத்து 4.3-ஆல் பெருக்கினால் 14.1, மோட்டார் 14.1 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 2000 கேவி, 14.8 வோல்ட், அதாவது 29,600 சுற்று. சக்கரத்துக்கு 2,095 சுற்று. 112 மி.மீ. டயரின் சுற்றளவு 0.352 மீட்டர். நிமிடத்துக்கு 737 மீட்டர், மணிக்கு 44 கி.மீ. தரையில் வோல்ட் சரிவும் உராய்வும் போக இதைவிடக் கொஞ்சம் குறையும். உங்கள் வண்டியின் எண்களைப் போட்டு, ஆசைப்படும் வேகம் எந்தப் பினியனில் வருகிறது என்று பாருங்கள். அந்தப் பினியன் வண்டியின் கையேடு சொல்லும் வரம்புக்குள் இல்லையென்றால் கேவியை மாற்றுங்கள், பினியனை வலிந்து திணிக்க வேண்டாம்.

வாங்கும் முன் அளவு நாடாவோடு வண்டிக்குள் குனிந்து பாருங்கள். 60 மி.மீ. கேன் இருந்த இடத்தில் 74 மி.மீ. போனால் பின்முனை பேட்டரித் தட்டையோ ஸ்டியரிங் பகுதியையோ இடிக்கலாம். 36 மி.மீ. மோட்டார்களில் ஷாஃப்ட் பெரும்பாலும் 3.17 மி.மீ., சில நீளக் கேன்களில் 5 மி.மீ.; 40 மி.மீ. மோட்டார்களில் 5 மி.மீ. ஷாஃப்ட் மாறினால் பினியனும் மாறும். பினியனின் பல் அளவு ஸ்பரோடு ஒத்திருக்க வேண்டும்: 1/8 வண்டிகளில் பெரும்பாலும் மாட் 1, 1/10-இல் 48 பிட்ச் அல்லது 32 பிட்ச். 48-ஐயும் 32-ஐயும் சேர்த்து ஓட்டினால் ஒரே ரவுண்டில் ஸ்பர் மொட்டையாகும்.

பூட்டும்போது பழைய ஸ்குருக்களையே போடாதீர்கள். புது மோட்டாரின் முகப்பு மெல்லியதாக இருந்தால் பழைய ஸ்குரு உள்ளே நீண்டு சுருளின் எனாமலைக் கீறும். முதல் த்ராட்டிலிலேயே ஷார்ட். மவுண்டின் தடிமனை அளந்து, மோட்டார் தாளில் சொல்லியிருக்கும் ஆழத்தைக் கூட்டி, அதற்கேற்ற நீளத்தில் போடுங்கள். ஸ்குரு முழுதாக இறங்கிய பின் ஷாஃப்ட்டைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வயரைச் சேர்க்க வேண்டும்.

பினியனைக் கையேட்டு வரம்பின் கீழ் எல்லையில் தொடங்குங்கள். மூன்று நிமிடம் ஓட்டி நிறுத்தி, இரண்டு நிமிடம் காத்திருந்து, கறுப்பு டேப் மேல் அளங்கள். 60-க்குக் கீழே இருந்தால் முழு பேட்டரியும் ஓட்டி மறுபடி அளங்கள். அப்போதும் 70 தாண்டவில்லை என்றால் ஒரு பல் கூட்டலாம்.